மகளின் பையில் நான் வைத்த கம்பளிச் சட்டை

எடுத்தவுடனேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு, என் மகள் கடலுக்குக் கொண்டுபோகக் கட்டி வைத்திருந்த பையை அவளுக்குத் தெரியாமல் திறந்தேன். உள்ளே இருந்த வெட்சூட்டை, அதாவது குளிர் கடலில் போடும் அந்தக் கறுப்பு றப்பர் உடுப்பை, எடுத்து ஒளித்தேன். அந்த இடத்தில் ஒரு கம்பளிச் சட்டையை மடித்து வைத்தேன். அன்றைக்கு அவள் செத்திருக்க வேண்டியவள்.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் என்னென்னவோ எழுதினேன். இத்தாலியில் தங்க அனுமதி தரும் பெர்மெஸ்ஸோவுக்கு வரிசையில் நின்ற கதை, நான் வேலை செய்யும் வீட்டுப் பூனைக்கு மருந்து கொடுத்து நான் கடி வாங்கிய கதை… இதை மட்டும் தாண்டித் தாண்டிப் போனேன். போன சனிக்கிழமை சந்திரன் விடவில்லை.

சந்திரன் என்னைப் போல வீட்டு வேலை செய்கிறவர். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள நம் ஆட்களின் கடையில் கருவேப்பிலை வாங்கிக்கொண்டு நின்றார்.

“மாஸ்டர், உங்களிட்டைத்தான் கேக்கவேணும். என்ரை பெட்டையும் இந்தக் குளிருக்கை கடல் அலையிலை பலகையிலை நிண்டு ஓடப் போறாளாம். என்னத்தைக் கட்டிக் குடுத்து விடுறது?”

“போக விடுறியளோ?”

“நான் விடாட்டி நிண்டிடுவாளோ? நீங்கள் சாமான் லிஸ்டைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். மகள் பை கட்டுவதை ஞாயிறுதோறும் எட்டி நின்று பார்த்துப் பாடமாக்கிய லிஸ்ட். முதலில் வெட்சூட் — நாலு மில்லிமீட்டராவது தடிப்பு வேண்டும். காலுக்கு அதே றப்பரில் சப்பாத்து. காதை மூடும் தொப்பி. பலகையில் கால் வழுக்காமல் தேய்க்க ஒரு மெழுகுக் கட்டி. பெரிய துவாய் இரண்டு. ஒரு பிளாஸ்டிக் பேசின்: அதற்குள் நின்று உடுப்பு மாற்றினால் கால் மணலில் படாது, ஈர உடுப்பை அதிலேயே போட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஐந்து லீட்டர் கானில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர். கானைத் துவாயால் சுற்றி வைத்தால் சூடு நிற்கும். ஃபிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்ரீ, பால் இல்லாமல், சீனி கூடப் போட்டு. கரைக்கு வந்ததும் போடுவதற்குப் பொத்தான் இல்லாத உடுப்பு. விறைத்த விரலால் பொத்தான் பூட்டிப் பார்த்திருக்கிறீர்களா? முடியாது!

சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்ட சந்திரன் நிமிர்ந்து, “எல்லாத் தகப்பன்மாரும் உங்களைப் போலை இருந்தா…” என்றார்.

என்னைப் போலவா? வியா மக்வேதா தெரு முழுக்க அந்த ஒரு வசனம் என் பின்னாலேயே நடந்து வந்தது.

என் மகள் வதனிக்கு அப்போது பதினேழு வயது. நாங்கள் திருமணம் செய்து நெடுநாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அவளுடைய வகுப்புத் தோழி கியாரா. கியாராவின் தாய் சின்யோரா ரொஸாலியா ஞாயிறு காலைகளில் ஐந்தாறு பெண் பிள்ளைகளைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு மேற்கே உள்ள கடற்கரைக்குப் போவார். குளிர்காலத்துக் காற்றுக்குத்தான் அங்கே நல்ல அலை எழும். கியாராவின் அக்கா போட்டுக் கழித்த வெட்சூட் ஒன்று வதனிக்குக் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது.

கடலுக்கு நான் எதிர்ப்பில்லை. ஊரில் பெண்கள் கடலில் இறங்காதவர்களா? இறங்குவார்கள் — உடுத்த சட்டையோடு. இதுவோ உடம்போடு ஒட்டிய உடுப்பு. ஆனாலும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன், எங்கள் ஆட்களில் ஒருவர் ஒரு கொண்டாட்ட வீட்டில், பத்துப் பேர் மத்தியில் வாயைத் திறக்கும் வரை.

“மாஸ்டர், உங்கடை பிள்ளையைக் கடற்கரையிலை கண்டனான். முதல்லை ஏதோ பெரிய மீன் ஒண்டு கரை ஒதுங்கிக் கிடக்குது எண்டெல்லோ நினைச்சன்!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

அடுத்த ஞாயிறு காலை அவள் குளிக்கும்போது பையைத் திறந்தேன். வெட்சூட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். இந்த மெல்லிய றப்பரா குளிரைத் தாங்கும்? அலுமாரியில் இருந்ததிலேயே தடித்த கம்பளிச் சட்டையையும் ஒரு காற்சட்டையையும் வைத்தேன். மானமும் காக்கும், குளிரும் காக்கும்! யாழ்ப்பாணத்தில் முப்பது வருஷம் புவியியல் படிப்பித்தவன் நான். கடல் நீரோட்டம் எல்லாம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவன். நனைந்த கம்பளி என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

மத்தியானத்துக்கு முன்பே மணி அடித்தது. கதவைத் திறந்தால் சின்யோரா ரொஸாலியா. அவர் தோளில் சாய்ந்தபடி, இரண்டு போர்வைக்குள் வதனி. உதடு நீலம்.

சின்யோரா இத்தாலியனில் கொட்டித் தீர்த்தார். “உடுப்பை மறந்துவிட்டு வந்திருக்கிறாள்! எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வானுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு எல்லாருக்கும் முதல் ஓடிப்போய் இறங்கிவிட்டாள். தண்ணீர் குடித்த கம்பளி கல்லு மாதிரி இழுத்திருக்கிறது. பலகையைப் பிடிக்கக்கூட விரல் மடங்கவில்லை. கியாரா கண்டிருக்காவிட்டால்?” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “மறதிக்காரியைக் குளிர்காலக் கடலுக்குக் கூட்டிப்போக என்னால் முடியாது. இனி இவள் வர வேண்டாம்.”

வதனி என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கட்டும் என்று பார்த்தபடி இருந்தாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“கிராட்சியே, சின்யோரா.”

நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினேன். உடுப்பை எடுத்தது என் முதல் குற்றம் என்றால், அந்த நன்றி இரண்டாவது. இரண்டாவதுதான் பெரியது.

வதனி என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். கோபித்துக் கத்தவில்லை, அழவில்லை. நான் இருக்கும் அறைக்குள் வருவாள், தேவையானதை எடுப்பாள், போவாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் வெட்சூட்டைக் கண்டுபிடித்த என் மனைவிதான் கேட்டாள்.

“நீங்கள் படிச்ச மனுசன்தானே? அந்தப் பிள்ளை ஏன் தண்ணியிலை இறங்கினவள் எண்டு தெரியுமோ? கரையிலை நிண்டா ஏன் எண்டு கேப்பினமாம். அப்பா எடுத்துப்போட்டார் எண்டு சொல்ல அவளுக்கு வாய் வரேல்லையாம். அவள் உங்களைக் காட்டிக் குடுக்கேல்லை. நீங்கள்… வாசல்லை வைச்சு அவளைக் கைவிட்டிட்டியள்.”

 

அடுத்து வந்த ஞாயிறு தனியாக ரயில் ஏறி மேற்கே அந்தக் கடற்கரைக்குப் போனேன். காற்று ஆளைத் தள்ளியது. வானைச் சுற்றி நின்ற பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னால், வீடு துடைத்துக் கற்ற என் இத்தாலியனில் சொன்னேன். “அவள் மறக்கவில்லை. நான்தான் எடுத்தேன். என் பிழை.”

“ஏன்?” என்றார் சின்யோரா.

“வெட்கம்.”

“யாருக்கு? அவளுக்கா?”

“எனக்கு.”

பிறகு அவர் சிசிலியனுக்கு மாறிவிட்டார். எனக்குப் பாதிதான் விளங்கியது. பாதியே போதுமானதாக இருந்தது. கியாரா என்னைப் பார்க்க விரும்பாமல் மெழுகைப் பலகையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் சின்யோரா சொன்னார்: “அடுத்த ஞாயிறு அவள் வரட்டும். நீங்கள் வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து வதனியிடம் சொன்னேன். தலையை ஒரு தரம் ஆட்டினாள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு போனாள், கன்னம் சிவக்கத் திரும்பி வந்தாள். அம்மாவிடம் அலையைப் பற்றிக் கதைகதையாகச் சொன்னாள். நான் அடுத்த அறையில் இருந்து கேட்டேன்.

வெட்சூட் பேசினுக்குள் கிடந்தது. எடுத்து நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினேன். உள்ளே காயப்போடக் குளியலறை இருக்கிறது. ஆனால் நான் அதைத் தெருப்பக்கப் பல்கனிக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஆட்கள் பூசை முடிந்து கூட்டமாக வரும் ஒழுங்கை அது. நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, கையும் காலும் விரிய, எல்லாருக்கும் தெரியத் தொங்கவிட்டேன்.

வந்தார்கள். மீன் கதை சொன்னவரும் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

“மாஸ்டர்! ஆரப்பா அது, உங்கடை பல்கனியிலை தொங்கிறது?”

“என்ரை பிள்ளையின்ரை உடுப்பு,” என்றேன். “கடலுக்குப் போறவள் எல்லோ. குளிருக்கு இதுதான் சரியான உடுப்பு.”

“ஓ…” என்றார். அவருக்குப் பக்கத்தில் வந்த அவர் மனைவி, “பிறகென்ன, வாய் பாராமல் நடவுங்கோ” என்று அவரைத் தள்ளிக்கொண்டு போனார். இந்த ஒரு வாய்க்குப் பயந்தா நான் பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்?

அப்போது எனக்குப் பின்னால் ஒரு கத்தல்.

“ஐயோ அப்பா! உங்களுக்கு விசரே? இதை ஆரும் வெயிலிலை போடுவினமோ? றப்பர் வெடிச்சுப் போகும்! உள்பக்கத்தை வெளியிலை திருப்பி, நிழலிலையெல்லோ போடவேணும்! ஒண்டும் தெரியாமல் ஏன் தொடுறியள்?”

உடுப்பின் ஒரு காலை அவள் பிடித்தாள். மற்றக் காலை என் கையில் திணித்தாள். “இழுங்கோ. அப்பிடியில்லை… மெல்ல!” இழுத்தேன். இரண்டு கிழமையாக என்னோடு ஒரு சொல் கதைக்காத பிள்ளை, பத்து நிமிஷம் நிறுத்தாமல் என்னைத் திட்டினாள். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் நன்றாகவே கதைக்கிறோம். பையை மட்டும் இன்றுவரை என்னைத் தொட விடுவதில்லை — நியாயம்தானே?