ஓடையைக் கடக்காமல் அளந்த அகலம்

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இலங்கை மலைநாட்டில், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்துக் கூடையோடு ஓடையைக் கடந்த பெண்ணொருத்தியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தொங்குபாலம் போடத் தோட்டத்தை நிர்வகித்த துரை சம்மதித்தார். அகலத்தை அளக்க என்னை அனுப்பினார்கள். நில அளவையாளனாக நான் தனியாகப் போன முதல் வேலை.

பாதை, தொழிற்சாலை முற்றம் என்றால் அளவுச் சங்கிலியைத் தரையில் இழுத்துப் போட்டால் போதும். இங்கே அது எதிர்க்கரைக்கே போகாது.

"அந்தப் பக்கம் கயிறு கட்டி, கயித்த அள," என்றார் துரை.

"கயிறு நடுவுல தொய்யுங்க தொரை. அந்தக் கணக்குல கம்பி வெட்டினா பாலம் சரியா வராது. கோணம் பாத்துக் கணக்குப் போடுறேங்க."

"நாளைக்குச் சாயந்தரம் எனக்கு அளவு வேணும்."

இந்தக் கரையில் ஒரு கோட்டைச் சரியாக அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் எதிர்க்கரையில் நட்ட வெள்ளைக் கம்பத்தின் கோணத்தைத் தியோடலைட் என்ற கோணமளக்கும் கருவியில் பார்த்தால் அகலம் கிடைத்துவிடும். ஆனால் கரையே சரிவு. தோட்டத்து ஆள் ஒருவரும் நானும் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்கினோம். அதற்கே அரைநாள் போயிற்று.

பிறகு பனி மூடியது. வெள்ளைக் கம்பம் கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளத்தில் இறந்தவளின் தங்கை எங்கள் கரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, செவப்புச் சேலை கட்டுனா தெரியுங்க," என்றாள். பழைய சேலையோடு மேல்மலை வழியாகச் சுற்றிப் போய், அதைக் கம்பத்தில் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அசையாம நில்லும்மா!" என்று கத்தினேன்.

"நான் அசையலைங்க, காத்துதான் அசைக்குது!"

பனி விலகிய சில நிமிடங்களில் கோணங்களைக் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் சரிபார்க்க வேறொரு கோட்டை அளந்து கணக்குப் போட்டேன். அன்றும் அவள்தான் கம்பம் பிடித்தாள். இரண்டு விடைகளுக்கும் நாலடி வித்தியாசம்! பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நடுவாக ஓர் எண்ணைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தப் பாலத்தில் நடக்கப் போகிறவர்களை நினைத்தேன், மனம் வரவில்லை.

"இன்னும் ஒரு நாள் வேணுங்க," என்று துரையிடம் போய் நின்றேன். திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

விடிந்ததும் முதல் கோட்டைத் திரும்ப அளந்தோம். சரிவில் ஒரு படியை எண்ணாமல் விட்டிருந்தோம். தவறு என்னுடையதுதான். திருத்திப் போட்ட கணக்கில் இரண்டு விடைகளும் ஓரிரு அங்குலத்துக்குள் நின்றன.

அந்த அளவை வைத்தே பாலத்துக்குக் கம்பி வெட்டினார்கள். பாலம் திறந்த காலையில் பெண்கள் கூடைகளோடு வரிசையாக நடந்தார்கள். நான் இந்தக் கரையில் நின்று, கடைசிப் பெண் அக்கரை சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.