ஆமைக் குன்று: தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு மீட்டர்

அலுவலகத்தில் அவருக்குப் 'பாதாளம் மேடம்' என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாகக் கடலின் அடித்தரையை வரைகிறார். கப்பலில் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. ஊஞ்சலில் இரண்டு ஆட்டம் ஆடினாலே குடலைப் புரட்டும் உடம்பு அவருக்கு. ஆய்வுக் கப்பல் கொண்டுவந்து கொட்டும் ஆழக் கணக்குகளை நான்காம் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து சலித்துப் படமாக்குவார். அந்தக் கடலில் இருபது வருஷம் மிதந்த கேப்டனே, கீழே என்ன இருக்கிறது என்று கேட்க மாடியேறித்தான் வர வேண்டும்.

கப்பலுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும். அதன் வேகத்தைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் 'ஆமை'. கடைசிப் பயணத்தில் ஆமை கொண்டுவந்த கணக்கில்தான், எந்தப் படத்திலும் இல்லாத ஒரு மேடு மேடத்தின் திரையில் எழும்பியது. அடுத்த வருஷம் ஆமை உடைப்புத் தளத்துக்குப் போகிறது. அதற்குள் அந்த மேட்டுக்கு ஆமையின் பெயர் ஏறிவிட வேண்டும் என்பது கேப்டனின் ஆசை. மேடத்துக்கும் அதே ஆசைதான், வெளியே சொல்லவில்லை.

கடலடியில் கிடக்கும் ஒன்றுக்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிடக் கஷ்டம். பிள்ளைக்கு மாமியார் ஒருவர் சம்மதித்தால் போதும். இதற்கு வருஷத்துக்கு ஒருமுறை கூடும் ஓர் உலகக் கமிட்டி சம்மதிக்க வேண்டும். எந்த இடம், யார் அளந்தது, ஏன் இந்தப் பெயர் என்று படிவம் துருவித் துருவிக் கேட்கும். சுற்றியிருக்கும் தரையிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்தால் மலை, இல்லாவிட்டால் குன்று.

முதலில் இயக்குநர் வந்தார். ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது அவருக்கு. "ஆமைன்னு வச்சா நல்லாவா இருக்கும்? மனுஷங்க பேரும் வைக்கலாமாமே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"வைக்கலாம் சார். ஆனா உயிரோட இருக்கிறவங்க பேரைச் சாதாரணமா ஏத்துக்க மாட்டாங்க."

இயக்குநர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தது உயரம். மேடம் மூன்று முறை கணக்குப் போட்டார். மூன்று முறையும் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு.

கேப்டன் மாடியேறி மூச்சு வாங்கியபடி நாற்காலியை இழுத்துப் போட்டார். "பதினாறு மீட்டர்தானே மேடம்? கடலுக்கடியில யாரு டேப் பிடிக்கப் போறா?"

"நான் பிடிச்சிட்டேனே."

"தென்கிழக்குப் பக்கம் ஒரு பள்ளம் இருக்குல்ல, அதுக்குள்ள இருந்து அளங்க. ஆயிரத்தைத் தாண்டிடும். நம்ம கப்பல் பேர்ல மலை இருக்குன்னா ஒரு கெத்து."

தாண்டும்தான். மேடம் அதையும் ஏற்கெனவே பார்த்திருந்தார்: ஆயிரத்துப் பதினொன்று. பள்ளமும் தரைதானே என்று ஒருநாள் முழுக்கத் தன்னோடு வாதாடித் தோற்றும் இருந்தார். ஒரு பக்கத்துப் பள்ளத்தைச் சுற்றுத்தரை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னார். கணவர் தையல்காரர். "அளவெடுக்கும்போது வயித்தை எக்கிக்கிறவன் இருக்கானே, சட்டை பத்தலைன்னு முதல்ல சண்டைக்கு வர்றவன் அவன்தான்" என்றார்.

"உங்ககிட்ட நான் யோசனை கேக்கலையே."

"நானும் சட்டையைப் பத்தித்தான் பேசினேன்."

மறுநாள் படிவத்தில் 'குன்று' என்று நிரப்பினார். ஆமை என்பது வெறும் கேலிப்பெயர் இல்லை, புழக்கத்தில் இருக்கும் பெயர்தான் என்று காட்டக் கப்பலின் பதிவேடுகளைப் புரட்டினார். எட்டு கேப்டன்கள் தங்கள் கையெழுத்தில் அப்படி எழுதிய பக்கங்களை நகலெடுத்து இணைத்தார். கேப்டன் இரண்டு வாரம் மாடிப்பக்கமே வரவில்லை.

ஏழு மாதம் கழித்துக் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. அதே இடத்தை இன்னொரு நாட்டுக் கப்பல் புதுக் கருவியால் அளந்திருந்ததாம். அதன் கணக்கில் உயரம் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. இரண்டும் ஒத்துப்போவதால் 'ஆமைக் குன்று' ஏற்கப்பட்டது. அதே கூட்டத்தில், உயரம் இடிக்கிறது என்று இரண்டு 'மலை'களை அடுத்த வருஷம் வரச்சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அடுத்த வருஷம் ஆமை இருக்காது.

கடிதத்தைக் கேப்டனுக்கு அனுப்பியிருக்கலாம். மேடம் மாத்திரை போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். நான்கு கயிறுகளில் கட்டி நிறுத்தியிருந்த ஆமை அசைகிறதா என்று கரையிலிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மேடத்துக்கு நன்றாகவே தெரிந்தது. கைப்பிடியை விடாமல் ஏறிப்போய்ப் புதுப் படத்தைக் கேப்டனின் மேஜையில் விரித்தார்.

கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தேடினார். "எங்க இருக்கு? எழுத்து இவ்வளவு சின்னதாவா போடுவாங்க?"

"குன்றுக்கு அவ்வளவுதான்."

கேப்டன் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார், வெகுநேரம் எடுக்கவில்லை. மேடம் அவர் எடுக்கும்வரை காத்திருந்தார். பிறகு விறுவிறுவென்று கரைக்கு இறங்கி, முதலில் கண்ணில் பட்ட வாளியை நோக்கி ஓடினார்.