ரன்னிமேட்டில் கைமாறும் புத்தகம்

காலை 6.30. குன்னூரில் மழை. மேட்டுப்பாளையம் பேருந்தில் சன்னல் ஒழுகும் இருக்கைதான் எனக்கு வாய்த்தது. காட்டேரி நிறுத்தம் தாண்டி நான் இறங்கியதும் ஓட்டுநர் தலையை நீட்டினார்.

“ஏனுங்க, இந்த மழைல அங்க என்னங்க இருக்குது?”

“நான் பொறந்த ஊடு.”

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. சரிவுப் பாதையில் இரண்டு முறை வழுக்கி விழுந்தபோது பிறந்த வீட்டைப் பார்க்கும் ஆசை எனக்கும் கொஞ்சம் குறைந்தது.

காலை 7.20. ரன்னிமேடு ரயில் நிலையம். அப்பா இங்கே தண்டவாளம் பார்க்கும் தொழிலாளியாக இருந்தார். பன்னிரண்டு வீடுகள், ஒன்றில் நாங்கள். அரிசி, மண்ணெண்ணெய், கல்யாணப் பெண் எல்லாமே ரயிலில்தான் வரும். மலை சரிந்து ரயில் நின்றால் களிதான் மூன்று வேளையும். இன்று ஒன்பது வீடுகளுக்குக் கூரை இல்லை. எங்கள் வீட்டில் தார்ப்பீப்பாய்கள் குடியிருக்கின்றன. பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். எரிச்சல்தான் வந்தது.

7.35. அனுமதிக் கடிதத்தைக் காட்டிவிட்டு, மழைக்கால ரோந்துக்குப் புறப்பட்ட ரயில்வே ஊழியர் முருகேசனோடு பாதையோரமாகக் கீழே நடந்தேன். நாற்பது வயது; இதே வரிசை வீட்டில் பிறந்தவர். கையில் சிவப்புக் கொடி, நீளச் சுத்தியல், பையில் ஒரு ரோந்துப் புத்தகம். கீழே ஹில்குரோவ் நிலையத்திலிருந்து இன்னொருவர் ஏறி வருவார். நடுவிலுள்ள பாலத்தில் இருவரும் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் பாதை சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

“கீழிருந்து வாறது யாரு?”

“அண்ணன், ராஜு. ஆனா பேசறதில்லீங்க டீச்சர்.”

டீச்சராக இருந்த வாய் சும்மா இருக்குமா? ஏன் என்று கேட்டேன். ஐந்து வருடத்துக்கு முன், இப்படியொரு மழையில் அவர்கள் அம்மா இறந்துபோனாராம். ரோந்தை மாற்றிவிட ஆள் இல்லை. ராஜு பாதையை விட்டு வரவில்லை. அண்ணன் இல்லாமலேயே முருகேசன் கொள்ளி வைத்தார். அன்றிலிருந்து தினமும் பாலத்தில் வாய் திறக்காமல் புத்தகத்தை நீட்டுவார்கள், வாங்குவார்கள். இந்த வரிசை வீட்டுக்காரர்கள் எப்போதும் இப்படித்தான். என் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசாமலேயே எட்டு வருடம் ஒரே தண்டவாளத்தைத் தூக்கினார்.

8.15. பாலம். ராஜு இல்லை.

முருகேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வளைவில் கைப்பேசி எடுக்காது. மேட்டுப்பாளையத்தில் 7.10க்குக் கிளம்பிய ரயில் ஏறிக்கொண்டிருந்தது.

“லேட்டா வருவாருங்களா?”

“அவன் லேட்டா வந்ததில்லீங்க.”

எதிரிலிருந்து வர வேண்டியவர் வரவில்லையென்றால், அவரைப் பார்க்கும்வரை நடக்க வேண்டும். நடந்தோம். முருகேசன் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு வளைவு தாண்டியதும் அவர் நின்றுவிட்டார். பேருந்து அளவுக்கு ஒரு பாறை, மண்ணோடும் மரத்தோடும் தண்டவாளத்தின் மேல் கிடந்தது. அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. மண்ணுக்குள்ளிருந்து ஒரு குடையின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

“அது அவன் குடைங்க.”

முருகேசன் கையால் மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். குடைதான் வந்தது. பிறகு, ஐந்து வருடமாகக் கூப்பிடாத அண்ணனைக் கூப்பிட்டார்.

“அண்ணோவ்!”

கீழே ரயில் ஊதியது. இன்னொரு தடவை கத்தினார்.

அப்போது கீழே ‘டப்’, மறுபடி ‘டப்’ என்று வெடித்தது. முருகேசன் அப்படியே தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணன் வெடி வெச்சிருக்கானுங்க. தண்டவாளத்துல வெப்போம். சக்கரம் ஏறுனா வெடிக்கும், டிரைவர் நிறுத்திருவார். அவன் இருக்கானுங்க, டீச்சர்.”

சக்கரங்களின் சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துப் பாறைக்கு மேல் சேறு அப்பிய ஒரு தலை தெரிந்தது. கையில் சிவப்புக் கொடி.

“கூப்ட்டியாடா?”

“கூப்ட்டேன்.”

“பாறை விழுந்ததும் கொடைய விட்டுட்டு வெடி வெக்க ஓடிட்டேன். சரியாக் கேக்குல.” பாறைக்கு மேலிருந்தே கையை நீட்டினார். “பொஸ்தகத்தக் குடு.”

நனைந்த புத்தகங்கள் இரண்டும் கைமாறின. முருகேசன் குடையையும் கொடுத்தார். ராஜு அதை வாங்கிக்கொண்டு ரயிலைக் காக்க இறங்கிப் போனார்.

தகவல் சொல்ல நாங்கள் மேலே ஏறினோம். நான் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நடந்தேன். கூரையில்லாத வீடுகளுக்கு முன்னால் வந்ததும், முருகேசன் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்:

“அம்மா போன அன்னிக்கும் இப்பிடித்தானுங்க டீச்சர் நனஞ்சுட்டு நின்னிருப்பான்.”