பெர்லைட்டில் வேர்விட்ட மல்லிக்குச்சிகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ரயிலில் கார்டாக ஓடிய மனிதர், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் முடங்கிப்போனார். நான் பங்சாரில் தட்டச்சு வேலை பார்த்தேன். காலையில் அவரைக் குளிப்பாட்டி, மதியச் சோற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடுவேன். மாலையில் படியேறத் தெம்பு இருக்காது. போன பேச்சு திரும்பிய பிறகும் அவர் அதிகம் பேசவில்லை.

அலுவலகத்தில் கூட வேலை செய்த பெண் ஒருநாள் ஈரத்துணியில் சுற்றி மல்லிக்குச்சிகள் கொண்டுவந்தாள்.

"மண்ணுல வச்சா அழுகிடும்க்கா. பெர்லைட்ல வைங்க. அங்கிளுக்கும் பொழுது போகும்லா."

பெர்லைட் பையையும் அவளே சுங்கை பூலோ நாற்றுக்கடையிலிருந்து வாங்கி வந்திருந்தாள். சூட்டில் பொரித்த ஒருவகைக் கல்லாம்; பொரி மாதிரி வெள்ளையாக, எடையே இல்லாமல் இருந்தது. அவள் சொன்னபடி இளநீரில் நிறையத் தண்ணீர் கலந்து குச்சிகளை ஊறவைத்தேன். வெட்டுவாயில் கற்றாழைச் சோற்றைத் தடவி, ஈரமாக்கிய பெர்லைட்டில் நட்டு அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன்.

மறுநாள் வந்து பார்த்தால் குச்சிகள் எல்லாம் வெளியே கிடந்தன. திரும்ப நட்டேன். அடுத்த நாளும் அதே கதை.

"என்னங்க இது? ஏன் பிடுங்கிப் போடுறீங்க?"

"வேர் வந்துச்சான்னு பாத்தேன்."

"தினம் பிடுங்குனா எப்படிங்க வரும்?"

"நாள் பூரா நான் வேற என்ன பண்றது, சொல்லு."

எனக்குக் கத்தவும் தெம்பில்லை. கைப்பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, கீழே ஐஸ் கடையில் கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் குவளைகள் கேட்டு வாங்கினேன். ஊசியைச் சுடவைத்து அடியில் துளை போட்டு, அலுவலகப் பெண்ணிடம் மறுபடி வாங்கிய புதுக் குச்சிகளை விளிம்போரமாக நட்டேன்.

"இனிமே வெளியிலேருந்தே பாருங்க. கை வைக்கக் கூடாது."

அவர் கை வைக்கவில்லை. வலக்கையால் குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வாரங்கள் போயின. சில குச்சிகள் கறுத்தன. நான் அதை மறந்தே போனேன்.

ஒரு மாலை கதவைத் திறந்ததுமே அவர் குரல் கேட்டது.

"இந்தா, இங்க வா. சீக்கிரம்."

விழுந்துவிட்டாரோ என்று பதறி ஓடினேன். அவர் குவளையை நீட்டினார். வெள்ளைப் பெர்லைட்டுக்கு நடுவே அதைவிட வெள்ளையாக ஒரு வேர், தையல் நூல் அளவுக்கு, ஓரத்தில் ஒட்டியிருந்தது.

"காலையிலயே பாத்துட்டேன். நீ எப்ப வருவேன்னு உக்காந்திருக்கேன்."

அன்று அவரோடு வேரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டதில் நான் சமைக்கவில்லை. ரொட்டியைத் தேநீரில் தொட்டுச் சாப்பிட்டோம். பிறகு வேர்விட்ட மூன்றை மண்ணுக்கு மாற்றியதில் இரண்டு வாடிப்போயின. மிஞ்சியதற்கு அவரே தண்ணீர் ஊற்றினார், பாதி தரையில் சிந்த. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.