குல்லாவை எடுக்காமல் போட்ட சைபர்

1. பொதிகிற கை

தஞ்சாவூரில், பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வார்டில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, போன சித்திரையில்தான் ரிட்டயர் ஆனேன். அங்கே எனக்கு இருந்த பேரைவிட என் கைக்கு இருந்த பேர் பெரிசு. குழந்தையைத் துணியில் பொதிவதில் என்னை அடிச்சுக்க ஆளில்லை. குல்லாவைப் புருவம் மறைய இழுத்துவிட்டு, கை ரெண்டையும் நெஞ்சுமேல் மடக்கி, காலைச் சேர்த்து, வெள்ளைத் துணியில் ஒரு சுற்று சுற்றினால் அப்படியே நிற்கும். பிரசவ வார்டு சிஸ்டர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "கலா அக்கா பொதிஞ்சா பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டைதான்" என்பார்கள். எனக்கும் பெருமை தாங்காது.

அந்தப் பெருமைதான் ஒரு குழந்தையை ரெண்டாவது ஆபரேஷன் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். என்னைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வென்டிலேட்டரில் இருக்கிற குழந்தை அழும், ஆனால் சத்தம் வராது. தொண்டைக்குள் டியூப் இருப்பதால் குரல் எழும்பாது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்கிறோமே, அழ முடியாத பிள்ளை என்ன செய்யும்? அதற்குத்தான் ஸ்கோர் ஷீட். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அஞ்சு விஷயம் பார்க்க வேண்டும். அழுகையில் வாய் கோணுகிறதா, தூங்குகிறதா நெளிகிறதா, முகம் எப்படி, கை கால் எப்படி, மானிட்டரில் நாடித்துடிப்பும் ஆக்ஸிஜனும் எப்படி. ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து ரெண்டு வரை மார்க். கூட்டினால் பத்துக்கு எவ்வளவு என்று வரும். கூடினால் வலி. மருந்து அதிகமாகி, தொட்டாலும் அசையாமல் மயங்கிக் கிடந்தால் மைனஸ். பள்ளிக்கூடத்தில் சைபர் வாங்கினால் அடி விழும். இங்கே சைபர் வந்தால்தான் எங்களுக்கு நிம்மதி.

2. தமிழரசியின் பிள்ளை

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குழந்தை வந்தான். அம்மா பேர் தமிழரசி. அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. பிறந்த மறுநாளே குடல் அடைப்பு என்று கண்டுபிடித்து, எங்கள் ஆஸ்பத்திரித் தியேட்டரில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து, வென்டிலேட்டரோடு எங்களிடம் அனுப்பினார்கள். ரெண்டே கால் கிலோ இருந்தான். வலிக்கான மருந்து, ஃபென்டானில், சிரிஞ்ச் பம்ப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

நான்தான் பொதிந்தேன். வயிற்றுப் பக்கம் மட்டும் துணியை விலக்கித் தையலைப் பார்க்கிற மாதிரி, மீதி கலையாத மாதிரி ஒரு தினுசு வைத்திருந்தேன். டாக்டர்கள் ஜன்னலைத் திறந்து மூடுவதுபோல் பார்த்துவிட்டுப் போவார்கள். காலையில் நான் ஸ்கோர் போட்டேன். கை கால் அசைவில்லை, சைபர். முகம் அமைதி, சைபர். முகம் என்று நான் பார்த்தது என்ன? மேலே கண் வரைக்கும் இறங்கிய குல்லா, கன்னத்தில் டியூபைப் பிடித்திருந்த பிளாஸ்டர், நடுவில் மூக்கு நுனி. என் புத்தியை என்னவென்று சொல்ல! கட்டிப்போட்ட கை எப்படி அசையும்?

அடுத்தடுத்த டியூட்டிக்காரர்களும் அதையே பார்த்து அதையே போட்டார்கள். கலா அக்கா பொதிந்ததைக் கலைத்தால் கத்துவாள் என்று ஒரு பயம் வேறு. உண்மைதான், கத்துவேன்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் எங்கள் டாக்டர் ஷீட்டைப் புரட்டினார். "ஸ்கோர் எல்லாம் சைபரா இருக்கே. வலி இல்லேன்னா மருந்தைப் பாதியா குறைச்சுடலாம் சிஸ்டர். அப்பத்தான் வென்டிலேட்டரை சீக்கிரம் எடுக்க முடியும்." நியாயமான பேச்சு. பாதியாகக் குறைத்தோம்.

பதினோரு மணிக்கு நாடித்துடிப்பு நூற்றுத் தொண்ணூறு. ஆக்ஸிஜன் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மெஷின் ஒரு மூச்சு கொடுத்தால் பையன் அதை எதிர்த்துக்கொண்டு ஒரு மூச்சு விடுகிறான்.

"பெயின் ஸ்கோர் என்ன?" என்றார் டாக்டர்.

"மானிட்டருக்கு மட்டும் ரெண்டு சார். மத்ததெல்லாம் சைபர்."

"அப்ப வலி இல்லை. இன்ஃபெக்‌ஷனா இருக்கும், இல்லேன்னா உள்ள தையல் விட்டிருக்கும். சர்ஜனைக் கூப்பிடுங்க. எக்ஸ்ரே எடுங்க. அம்மாகிட்ட கையெழுத்து வாங்கி வைங்க, திறக்க வேண்டி வந்தாலும் வரும்."

கிருமி இருக்கிறதா என்று கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க, தொடை இடுக்கில் இன்னொரு ஊசி. எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். அதற்கும் நான் துணியைக் கலைக்கவில்லை. நடுவில் விலக்கினேன், அவ்வளவுதான். அந்த ஊசிக்கும் அவன் பொட்டலமாகத்தான் கிடந்தான்.

3. சுழி பார்க்கிற நேரம்

தமிழரசி பிரசவ வார்டிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். பிள்ளை பெற்று நாலாம் நாள். டாக்டர் விவரம் சொல்லிவிட்டு எக்ஸ்ரேயைப் பார்க்கப் போய்விட்டார். பேனாவை அவள் கையில் கொடுத்தேன். அவள் பேப்பரைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தாள்.

"சிஸ்டர், ஒரே ஒரு தடவை குல்லாவை எடுக்கறீங்களா? சுழி பார்த்துக்கறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏம்மா, பிள்ளை இருக்கிற இருப்புக்கு இப்ப சுழி ஒண்ணுதான் கேடா?"

அவள் அழவில்லை. "அவங்க தினம் போன்ல கேக்கறாங்க, எத்தனை சுழின்னு. அவங்களுக்கு ரெட்டைச் சுழி. பிள்ளைக்கும் அப்படி இருக்குமான்னு ஆசை. நான் இன்னும் பிள்ளை தலையே பார்க்கல சிஸ்டர். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா, நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

என் நாக்கை அறுத்துப் போடலாம்போல இருந்தது. நானும் ரெண்டு பெற்றவள்தானே. குல்லாவைக் கழற்றினேன்.

"ரெட்டைதான்! சிஸ்டர், ரெட்டைச் சுழி!" அந்த நிலைமையிலும் அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

நான் சுழியைப் பார்க்கவில்லை. நெற்றியைப் பார்த்தேன். புருவம் ரெண்டும் நடுவில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. அதற்கு மேலே கிழவர் நெற்றிபோல மூன்று மடிப்பு. கண்ணை இறுக்கி மூடியிருந்தான். என் துணியை நானே பரபரவென்று பிரித்தேன். கை ரெண்டும் வெளுத்துப்போகிற அளவுக்கு மூடிய முஷ்டி. கால் விரல் பத்தும் விசிறி மாதிரி விரிந்து நின்றன. ஐயோ கடவுளே, இந்தப் பிள்ளை கத்திக்கொண்டிருக்கிறான், நாங்கள் சைபர் போட்டுக்கொண்டிருக்கிறோம்!

ஸ்கோர் போட்டேன். எட்டு.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். "இப்பத்தான் சார் திடீர்னு கூடிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் தலை தப்பிக்கும் என்று மனசுக்குள் ஓடியது. ஆனால் திடீரென்று கூடியது என்றால் வயிற்றில் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம் எடுப்பார்கள். பையன் நேராகத் தியேட்டருக்குத்தான் போவான். தமிழரசி இன்னும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஒரு நிமிஷம் கையெழுத்துப் போடாதேம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

"சார், என் ஸ்கோர் தப்பு. இன்னிக்குது மட்டுமில்ல, நேத்திலேர்ந்து போட்டது எல்லாமே தப்பு. குல்லாவை எடுக்காம, துணியைப் பிரிக்காம போட்டேன். இப்ப பிரிச்சுப் பார்த்தா எட்டு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்களா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வந்து தானே ஒரு தடவை பார்த்துவிட்டு, மருந்தை ஒரு டோஸ் கொடுத்து, பம்பைப் பழைய அளவுக்கு ஏற்றச் சொன்னார். அதற்குள் சர்ஜனும் வந்துவிட்டார். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "வயிறு மெத்துன்னுதான் இருக்கு. எக்ஸ்ரேயும் பரவாயில்லை. அரை மணி நேரம் பார்ப்போம். இறங்கலேன்னா திறக்கறேன்."

அரை மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தமிழரசியின் கையைச் சுத்தம் செய்யச் சொல்லி, ஒரு கையைப் பிள்ளையின் தலையிலும் ஒரு கையைக் காலடியிலும் வைத்துப் பொத்திப் பிடிக்கச் சொன்னேன். நூற்று எண்பத்தெட்டு. நூற்று எழுபத்தாறு. அவள் மானிட்டரைப் பார்க்கவில்லை, நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மடிப்பு ஒண்ணு போயிடுச்சு சிஸ்டர்" என்றாள் மெதுவாக. நூற்று அறுபது. நூற்று நாற்பத்தெட்டில் நின்றது. முஷ்டி தானாக அவிழ்ந்தது.

தமிழரசி கையெழுத்துப் போடாமல் வைத்திருந்த பேப்பரைச் சர்ஜன் வாங்கி ரெண்டாகக் கிழித்தார். "வலிக்காக வயித்தைக் கிழிக்க இருந்தோம்" என்றார்.

4. பிறகு

அந்தக் குழந்தைக்கு எத்தனை மணி நேரம் வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால்தானே தெரியும்? அது இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

பொதிவதை நான் விடவில்லை. பொதிந்தால் குழந்தைக்குச் சுகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்கோர் நேரம் வந்தால் முதலில் குல்லா, அடுத்தது துணி, கடைசியில்தான் பேனா. "நான் பொதிஞ்சதை நீங்க பிரிக்கலேன்னாதான் இனிமே கத்துவேன்" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள் மத்தியானம் பிரித்துப் பார்த்தபோது பையன் முகம் தெளிவாக இருந்தது, ஆனால் காலைச் சுண்டினாலும் இழுத்துக்கொள்ளவில்லை. மைனஸ் போட்டேன். டாக்டர் வந்து தானும் சுண்டிப் பார்த்துவிட்டு, "இதை நம்பறேன் சிஸ்டர்" என்று மருந்தைக் கொஞ்சமாகக் குறைத்தார். ரெண்டு நாளில் வென்டிலேட்டரை எடுத்தோம். மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போனான்.

தை மாசத்தில் செக்கப்புக்கு வந்தார்கள். கீழே தடுப்பூசி போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்க மாடிக்கு ஏறி வந்தாள் தமிழரசி. பையன் கொழுகொழுவென்று தோளில் கிடந்தான், கண்ணோரத்தில் ஈரம்.

"ஊசிக்கு அழுதானா?"

"அழுகையா? ஆஸ்பத்திரியையே கூட்டிட்டான் சிஸ்டர்!"

வெளியே பனிக் குளிர். பிள்ளை தலையில் நீலக் கம்பளிக் குல்லா. நான் கையை நீட்டுவதற்குள் அவளே அதைக் கழற்றி, நெற்றி என் பக்கம் தெரிகிற மாதிரி அவனைத் திருப்பிப் பிடித்தாள். "நீங்க முதல்ல இதைத்தான் பார்ப்பீங்கன்னு தெரியும்."

குனிந்து நன்றாகப் பார்த்தேன். ஒரு மடிப்பு இல்லை. கையை விரித்துப் பார்த்தேன், காலையும் பார்த்தேன்.

"சைபர்மா" என்றேன். இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.