அது அவர் மூக்கு இல்லை

என் கணவருக்கு மண்டைக்குள் கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போது நாங்கள் கிள்ளானில் இருந்தோம். இரண்டு மாதமாக அவருடைய இடது தோள் போகிற வருகிற கதவிலெல்லாம் இடித்தது. காப்பிக் கோப்பை கையிலிருந்து தானாக நழுவியது.

முடிவு சொல்ல டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணவரை வெளியே சக்கர நாற்காலியில் விட்டுவிட்டுப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினார். திரை மாறியது.

"புரோகிராம் ஓடுது டாக்டர்" என்றார்.

அதன் கீழே இன்னொரு வரி தட்டினார். என் கணவரின் பெயர். நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைதான். ஆனாலும் அடையாள அட்டையில் பார்த்துப் பார்த்து அந்த இங்கிலீஷ் எழுத்துகளின் வடிவம் எனக்குத் தெரியும்.

மேலிருந்து கோடு கோடாக ஒரு தலை வந்தது. பக்கவாட்டில், நடுவே பிளந்த மாதிரி, சாம்பல் நிறத்தில். டாக்டரம்மா குனிந்து பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. கிளீனா இருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்."

கும்பிட்டேன். கையை இறக்கும்போதுதான் திரையில் அந்த மூக்கு கண்ணில் பட்டது. நேராக, கூராக இருந்தது. செந்தூல் ரயில் பட்டறையில் இரும்பு பட்டு என் கணவரின் மூக்குத்தண்டு அமுங்கிப்போனது எங்கள் கல்யாணத்துக்கும் முன்னால். நான் கூச்சக்காரி. அவரை நேருக்கு நேர் பார்த்தது குறைவு. சோறு போடும்போதும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும்போதும் பக்கவாட்டில்தான் பார்ப்பேன்.

வாயைத் திறந்தால் நல்ல சேதி போய்விடும். திறக்காவிட்டால் அவரை அப்படியே வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், கட்டி இருந்தால் அதோடு. கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"டாக்டர், அது அவர் மூக்கு இல்ல."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

கண்ணாடிக்காரர் சிரித்தார். "என்ன ஆன்டி, மண்டையப் பாக்கச் சொன்னா மூக்கப் பாக்குறீங்க. அடிச்ச பேருதான் வரும், மாறாது லா."

"அப்பா பேரும் சேத்து அடிச்சீங்களா?" என்று டாக்டரம்மா அவரைக் கேட்டார்.

எங்கள் ஆட்களில் ஒரே பெயரில் எத்தனையோ பேர். அப்பா பெயரைச் சேர்த்தால்தான் ஆள் பிரியும். கண்ணாடிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ தட்டிப் பார்த்தார்.

"அதே பேருல ரெண்டு பேரு இருக்காங்க டாக்டர்."

இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். மறுபடி உச்சந்தலை வந்தது. நெற்றி வந்தது. உள்ளே கோலிக்குண்டு அளவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. மூக்கு இன்னும் வரவில்லை. இதுவும் வேறு யாருடையதாகவோ இருக்கட்டும் என்று சாமியைக் கேட்டேன். அந்த வேறு யாருக்கோ ஒரு மனைவி இருப்பாளே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கோடுகளில் மூக்குத்தண்டு இறங்கி வந்தது. நடுவில் அமுங்கியிருந்தது.

டாக்டரம்மா திரையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவருதானாம்மா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.