தொரைக்கு மட்டும் வசனம்

இன்று பாடசாலை முடிந்ததும் ஆங்கில நாடகப் போட்டிக்கு ஒத்திகை வைத்தோம். கதை பிள்ளைகளே எழுதியது. தேயிலைக் கொழுந்து மலை, மழை, குடை பிடித்த தோட்டத்துத் தொரை.

வாசித்துப் பார்த்தால் வசனம் முழுக்கத் தொரைக்குத்தான். கொழுந்தெடுக்கும் ஐந்து பேரும் தலைகுனிந்து சும்மா நிற்கிறார்கள்.

"ஆளுக்கு ஒரு வசனமாவது பேசணும். இல்லாட்டி போட்டியில சேர்க்க மாட்டாங்க" என்றேன்.

கொழுந்துக்காரியாக நடிக்கும் கலைவாணி சிரித்தாள். "எங்கம்மா எப்ப டீச்சர் தொரைகிட்ட பேசினாங்க? எதுன்னாலும் கங்காணிகிட்டத்தான் சொல்லுவாங்க."

"சரி, பேசினா என்ன சொல்லுவாங்க?"

குனிந்திருந்த தலையை நிமிர்த்தினாள்.

"மழை பெய்யுதுங்க தொரை. குடையை மடக்கிட்டு எங்ககூட வந்து நில்லுங்க."

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு சொல்லும் தடுமாறாமல் சொன்னாள்.

தொரையாக நடிக்கும் தர்ஷினி தன் தாளைப் புரட்டினாள். அதில் கட்டளைகள் மட்டும்தான் இருந்தன. என்னைப் பார்த்தாள். "இதுக்குத் தொரை என்ன டீச்சர் சொல்லுவாரு?" என்றாள்.

வெள்ளிக்கிழமை போட்டி. தொரை என்ன பதில் சொல்வார் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் போதும், ஆங்கிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.